கல்கத்தாவில் ராகுவுக்கு மணி என்ன?

1

என் மனைவி முத்துலட்சுமியின் பித்தப்பையில் கல் இருக்கிறது என்பது போன கோடையில் தெரிந்தது. பூரி தின்றால் வலி என்று ஆரம்பித்து, பூரியைப் பார்த்தாலே வலி என்ற நிலைமைக்கு வந்த பிறகுதான் அவள் டாக்டரிடம் வரச் சம்மதித்தாள். நாங்கள் டிபன் கடை வைத்திருப்பவர்கள். பூரியைப் பார்க்காமல் ஒரு நாளைக் கழிக்க எங்களுக்கு வழியில்லை.

அலிப்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சின்ன ஆபரேஷன்தான், எடுத்துவிடுவோம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். கல் நகர்ந்து குழாயை அடைத்துக்கொண்டால் இது சின்ன விஷயமாக இருக்காது" என்றார்.

அவர் சொன்னதற்குப் பிறகு இரண்டு முறை தேதி கிடைத்தது. இரண்டையும் முத்துலட்சுமி வேண்டாம் என்றாள். முதல் தேதி அஷ்டமி. இரண்டாவது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. அது ராகு காலம். மூன்றாவது முறை நான் போய் நின்றபோது, தேதி எழுதுகிற அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மறுபடியும் நீங்களா? வருகிற திங்கட்கிழமை காலை எட்டரை. இதையும் விட்டால் பூஜோர் போர்."

பூஜோர் போர் என்றால் துர்கா பூஜைக்குப் பிறகு. ஊரில் இருப்பவர்களுக்கு இதன் கனம் புரியாது. கல்கத்தாவில் ஒரு வருஷத்துக்கு இரண்டே பாகம், பூஜைக்கு முன், பூஜைக்குப் பின். வீட்டுக்காரர் சுவர் ஒழுக்கை அடைப்பது, தையற்காரர் அளவு எடுப்பது, ஆபீசில் ஒரு கையெழுத்து விழுவது, எல்லாமே முன்பாகத்தில் கேட்டால் பின்பாகத்துக்குப் போகும். பின்பாகத்தில் போய்க் கேட்டால் குளிர் தொடங்கிவிட்டது என்பார்கள். அன்றைக்கு வைகாசி பாதிதான் ஆகியிருந்தது. பூஜை முடிய இன்னும் நாலைந்து மாதம் கிடந்தது. அதுவரை அந்தக் கல் இருந்த இடத்திலேயே இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எட்டரை என்று சொன்னேன். முத்துலட்சுமி சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைத் தூக்கி, தாளைப் புரட்டி, திங்கட்கிழமையில் விரலை வைத்தாள். ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது.

"ராகு நடுவுல உக்காந்திருக்கையில என் வயித்துல கத்திய வைக்கச் சொல்றீக. நல்லா இருக்குங்க ஒங்க ஏற்பாடு."

2

அந்தக் காலண்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சிவகாசிக்காரன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் என் அண்ணன் என்னைக் காலண்டர் பட்டறையில் சேர்த்துவிட்டான். தேதித் தாள் கட்டின் மேல் தகரப் பட்டையை வைத்து அட்டையோடு சேர்த்து அடிப்பது என் வேலை. விரல் நசுங்கும். துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்ததை அடிப்போம். ஆடிப்பெருக்கு கழிந்ததும் அடுத்த வருஷம் எங்கள் கைக்கு வந்துவிடும். ஊரே இந்த வருஷத் தீபாவளிக்குத் துணி எடுக்க யோசித்துக்கொண்டிருக்கையில் நான் அடுத்த வருஷத் தீபாவளிக்குத் தகரம் அடித்துக்கொண்டிருப்பேன். அதனாலோ என்னவோ, எந்த வருஷத்திலும் என்னால் நிம்மதியாக உட்கார முடிந்ததில்லை.

தாளுக்குத் தாள் திதி மாறும், நட்சத்திரம் மாறும், அடியில் போடும் பொன்மொழி மாறும். ராகு காலம் மட்டும் மாறாது. திங்கள் என்றால் ஏழரை, ஒன்பது. சித்திரையானாலும் அதுதான், மார்கழியானாலும் அதுதான். பட்டறைக்கு ஜன்னல் கிடையாது. சூரியன் எப்போது வந்தது, எப்போது போனது என்று உள்ளே இருந்த யாருக்கும் தெரியாது. எங்களுக்கே தெரியாதது அந்தத் தாளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு நாக்பூர் போகும் லாரியில் கிளீனராக ஏறிவிட்டேன். ராய்ப்பூரில் ஹோட்டலில் பாத்திரம், ரூர்கேலாவில் மஞ்சள் காமாலை, கரக்பூர் ஸ்டேஷனில் கொஞ்ச காலம் படுக்கை என்று வந்து, கடைசியில் கல்கத்தா கார்டன் ரீச்சில் நின்றேன். ரயில்வே ஆபீஸ்களில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருந்தன. அதனால் இட்லிக்கு ஆள் இருந்தது. முதலில் தள்ளுவண்டி. ஒரு நாள் கார்ப்பரேஷன் லாரியில் வந்தவர்கள் வண்டியை அடுப்போடு அள்ளிக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒரு சின்னக் கடை. இதற்கு நடுவில் கல்யாணம். முத்துலட்சுமி வரும்போது இட்லிக் கொப்பரையோடு ஒரு காலண்டரையும் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அண்ணன் யாரிடமாவது ஒரு காலண்டர் கொடுத்து அனுப்பிவிடுகிறான். இங்கே எங்கள் நல்லது கெட்டது எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது அந்தத் தகரம் அடித்த தாள்தான்.

3

இது வெளிநாடில்லை, உள்நாடுதானே என்று ஊரில் சொல்வார்கள். சூரியனைக் கேட்டால் அப்படிச் சொல்லாது.

முத்துலட்சுமி வந்த முதல் கோடையில் ஒரு நாள் என்னை உலுக்கி எழுப்பினாள். "விடிஞ்சு வெளிச்சமாயிருச்சு, கடைக்காரரு தூங்குறாரு." ஜன்னலில் நல்ல வெளிச்சம். அவசரமாக அடுப்பைப் பற்றவைத்து இரண்டு ஈடு இட்லி எடுத்து, சட்னி அரைத்து, பலகையை விரித்து வைத்தோம். ஈ கூட வரவில்லை. மணி பார்த்தால் ஐந்துதான் ஆகியிருந்தது. ஏழரைக்கு முதல் ஆள் வந்தபோது இட்லி கல்லாகியிருந்தது.

"சூரியன் வந்து இத்தன நேரமாச்சு, இந்த ஊரு ஆளுகளுக்குத் தெரியலயா?" என்று கேட்டாள்.

தெரியும். கோடையில் சூரியன் இங்கே நம் ஊரைவிட ஒரு மணி நேரம் முந்தி வந்துவிடுகிறது. அது வந்த அவசரத்தை ஈடுகட்டத்தான் இங்கே மனிதர்கள் நிதானமாக இருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைகள் கதவை இறக்கிவிடும். சோறு தின்ற தூக்கம் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. எந்த ஆபீசில் நுழைந்தாலும் "ஏக்டு பொஷுன்" என்பார்கள். கொஞ்சம் உட்காருங்கள் என்று அர்த்தம். எவ்வளவு கொஞ்சம் என்று கேட்கும் வழக்கம் இல்லை.

குளிர்காலத்தில் இது தலைகீழ். ஒரு மார்கழி மாலையில் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான்.

"என்னடா இருட்டுல உக்காந்திருக்க? கரண்டு இல்லையா?"

"பொழுது அடைஞ்சிருச்சுண்ணே."

"மணி அஞ்சேகாலுடா. இங்க கண்ணு கூசுற வெயிலு. நீ எந்தத் தேசத்துல இருக்க?"

எங்கள் ஒரே மகள் கயல்விழி இங்கே பிறந்தவள். ஜாதவ்பூரில் காலேஜ் படிக்கிறாள். அங்கே அவள் பெயர் கோயேல். கயல் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவளும் திருத்தவில்லை. வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் மணியை மட்டும் தமிழில் சொல்ல மாட்டாள். எட்டே முக்கால் என்று அவள் அம்மா சொன்னால் இவள் "போனே நோட்டா" என்பாள். ஒன்பதுக்குக் கால் குறைகிறது என்று அர்த்தம். அம்மா போன மணியோடு கூட்டிச் சொல்கிறாள், மகள் வரப்போகும் மணியிலிருந்து கழித்துச் சொல்கிறாள். இருவரும் சொல்வது ஒரே நேரம்தான். ஆனாலும் ஒருத்திக்கு நேரம் நிறைய ஆகிவிட்டது போலவும், இன்னொருத்திக்கு இன்னும் நேரம் இருப்பது போலவும் கேட்கும்.

4

தேதி கிடைத்த அன்று சாயங்காலம் கயல் வீட்டுக்கு வந்தபோது அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். கயல் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"மா, ராகு காலத்தை எப்படிக் கணக்குப் பண்றாங்க?"

"என்னத்தடி கேள்வி. காலண்டர்ல போட்டிருக்கு."

"காலண்டர்ல போடறவங்க எப்படிக் கணக்குப் பண்றாங்க?"

"ஒங்கப்பாவக் கேளு. அவருதான தகரம் அடிச்சாரு."

எனக்குத் தகரத்தைப் பற்றித்தான் தெரியும் என்றேன். கயல் லேப்டாப்பைத் திறந்து கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சூரியன் வர்றதிலிருந்து போற வரைக்கும் உள்ள பகலை எட்டுப் பங்கா வெட்டணும்மா. அதில ஒரு பங்கு ராகுவோடது. திங்கக்கிழமைன்னா ரெண்டாவது பங்கு. சூரியன் ஆறு மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகும்னு வெச்சுக்கிட்டு உங்க காலண்டர்ல ஏழரைன்னு போட்டிருக்காங்க. இங்க இப்ப அஞ்சுக்கு முன்னாடியே வந்துடுது. அதனால ராகு ஆறரைக்கே வந்துட்டு எட்டேகாலுக்குள்ள கிளம்பிடறார். எட்டரைக்கு நீ போலாம். பேஷ் பாலோ, ரொம்ப நல்லது!"

தேங்காய்த் துருவி நின்றது. முத்துலட்சுமி யோசித்தாள். அவள் முகத்தில் ஏதோ இளகுவதைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது.

"அப்ப ராகு, சூரியனப் பாத்துத்தான் வாராரா?"

"ஆமா."

"ஊருக்கு ஊரு மாறுமா?"

"ஆமாம்மா."

"அப்ப நம்ம கடைய எப்பத் தொறந்தோம்?"

கேள்வி என்னைப் பார்த்து வந்தது. நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். "சித்திரையில ஒரு திங்கக்கிழமை. ஏழரைக்கு ராகு வந்துரும்னு ஏழு மணிக்கே..." பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஆனால் அவள் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"தட்டிப் பாரு" என்றாள் மகளிடம்.

கயல் தட்டினாள். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லுடி."

"ராகுலதாம்மா."

"வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சுனது வைகாசி, வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுன்னு பத்து மணிக்குக் காய்ச்சுனோம்."

"அதுவும்..."

"ஒன்னைக் காலேசுல சேத்தது? புதங்கெழம பன்னெண்டுக்குள்ள கையெழுத்துப் போடணும்னு ஒங்கப்பா டாக்சி பிடிச்சு ஓடுனாரே?"

கயல் லேப்டாப்பை மெதுவாக மூடினாள். "குளிர்காலத்தில ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கும்மா. கோடையிலதான் இப்படி."

"நாம எதக் குளிர்காலத்துல செஞ்சோம்? மார்கழி ஆகாதுன்னு எல்லாத்தையும் கோடைக்குத்தான வச்சோம்!"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நம்ம தள்ளுவண்டியத் தூக்கிட்டுப் போனது ஒரு புதன்கிழமை சாயங்காலம். அது எந்த நேரம்னு பாரு கயல்" என்றேன். அவள் மறுபடி திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "அது நல்ல நேரம்பா. ரெண்டு ஊர்க் கணக்கிலயும்."

முத்துலட்சுமி சிரிக்கவில்லை. துருவியை ஓரமாகத் தள்ளினாள்.

"ஒரே ஒரு திங்கக்கெழமைக்கு நல்ல நேரம் கண்டுபிடிக்கேன்னு உக்காந்து, நாங்க பொழச்ச பொழப்பு பூராவையும் ராகு வாயில குடுத்துட்டியேடி! எனக்கு எங்க ஊரு ராகு போதும். ஏழரை, ஒம்பது. எட்டரைக்கு நான் வரமாட்டேன்."

5

நான் அவளை வற்புறுத்தவில்லை. எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு ராகுவோடு வாதாட எனக்குத் தைரியமில்லை. ஆனால் டாக்டர் சொன்ன குழாய் அடைப்பு மட்டும் என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. குழாய் அடைத்தால் காமாலையும் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ரூர்கேலாவில் காமாலை வந்தபோது கண் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் டீ கொடுக்கிற சாக்கில் அவள் கண்ணைப் பார்த்தேன்.

"என்ன, புதுசா ஆசையாப் பாக்குறீக?"

"ஒண்ணுமில்ல. டீ சூடா இருக்கு, பாத்துக் குடி."

சனிக்கிழமை சாயங்காலம் வலி வந்தது. அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடுகிறவள் அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். முகமெல்லாம் வேர்வை. கயல் மேல் வீட்டுக்கு ஓடி மாஷிமாவைக் கூட்டி வந்தாள். மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா போல. கணவரை இழந்து தனியாக இருக்கும் பெங்காலி அம்மாள். எங்கள் வீட்டுக் காரியங்களில் எங்களுக்குத் தெரியாமலே தலையிடுகிறவர். ஒரு கையில் வெந்நீர்ப் பையும் இன்னொரு கையில் அவர்களுடைய பஞ்சாங்கமுமாக வந்தார். அதில் கயல் ஏற்கெனவே அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது.

வலி கொஞ்சம் அடங்கியதும் மாஷிமா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அவர் பேசியது பெங்காலி. நான் தமிழில் எழுதுகிறேன்.

"இதோ பார் லொக்கி." லட்சுமி என்பது அவர்கள் வாயில் லொக்கி. "எங்களுக்கும் கெட்ட நேரம் உண்டு. காலபேலா என்று பெயர். திங்கட்கிழமைக் காலபேலா எட்டேகாலுக்குள் முடிகிறது. எட்டரை நல்ல நேரம் என்று இதிலும் இருக்கிறது."

கயல் என்னைப் பார்த்தாள். அவள் லேப்டாப் சொன்னதையே பஞ்சாங்கமும் சொல்லிவிட்டது.

முத்துலட்சுமி கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "அது ஒங்க காலபேலா மாஷிமா. எங்களுக்கு இருக்குறது ராகு."

"நீ எந்த ஊரில் இருக்கிறாய்?"

"கல்கத்தா."

"உன் ராகு?"

முத்துலட்சுமி கண்ணைத் திறந்தாள்.

"உன் ராகு சிவகாசியில் ரயில் ஏறி இங்கே வந்துவிட்டுக் கிளம்ப ஒன்பது மணி ஆகிறது. எங்களவர் உள்ளூர்க்காரர், சீக்கிரம் வந்துவிட்டுச் சீக்கிரம் போய்விடுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம். ஹவுரா வண்டி தாமதம் என்பதற்காக நீ வலியில் சாக வேண்டுமா?"

இவ்வளவு பேசும் மாஷிமா வியாழக்கிழமை மத்தியானம் தாண்டினால் மருந்து வாங்கக்கூடத் தெருவில் இறங்க மாட்டார். அது அவர்கள் கணக்கில் பெரிய கெட்ட நேரம். அதை நினைவுபடுத்தலாமா என்று யோசித்தேன். வெந்நீர்ப் பை அவர் கையில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துலட்சுமி வழக்கத்துக்கு முன்பே எழுந்து, கடைக்கு வேண்டிய மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நானும் கயலும் வந்து நின்றதும் கரண்டியை வைத்தாள்.

"நானும் ஒரு கணக்குப் போட்டேன்" என்றாள். "கடைய ராகுல தொறந்தோம். ஓடுதா?"

"ஓடுது" என்றேன்.

"ராகுல பால் காய்ச்சுன வீட்டுல ஒரு நாளு சோத்துக்கு இல்லாமப் போயிருக்கா?"

"இல்ல."

"இவள ராகுல சேத்துவிட்டோம். எனக்கே பாடம் நடத்துறா. நல்ல நேரத்துல நின்ன வண்டியத்தான் தூக்கிட்டுப் போனாக. அப்ப என்ன அர்த்தம்? ராகுவுக்கு நம்ம மேல கோவம் ஒண்ணும் இல்ல. இத்தன வருசமா நம்ம வீட்டு விசேசத்துக்கெல்லாம் மொத ஆளா வந்து உக்காந்திருக்காரு. நமக்குத்தான் தெரியல. நாளைக்கும் வரட்டும். நான் எட்டரைக்கே போறேன்."

கயல் துள்ளினாள். "அதான் சொன்னேனேம்மா, எட்டரைக்கு ராகுவே கிடை..."

"வாய மூடு. அது ராகுவா, இல்லையா, எந்த ஊரு ராகுன்னு எங்கிட்ட இனிமே ஒருத்தரும் சொல்லக் கூடாது. அங்க போய்ப் படுக்கிற வரைக்கும் எங்கிட்ட யாரும் மணியே சொல்லக் கூடாது. சரின்னா வாரேன்."

சரி என்றோம்.

6

திங்கட்கிழமை கிளம்பும்போது அவள் என் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடச் சொன்னாள். கயல் மொபைலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். டாக்சியில் முன்னால் மினுக்கிக்கொண்டிருந்த மணியின் மேல் டிரைவரைக் கேட்காமலே நான் என் துண்டைப் போட்டேன். அவர் கண்ணாடியில் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, பேசாமல் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் கம்மல், மூக்குத்தி, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தாலியையும். அதைக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தாள். "பத்திரம்" என்றாள். தாலியைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று கேட்பதற்குள் பெண்கள் வார்டின் கதவு மூடிவிட்டது. கயல் மட்டும் உள்ளே போக, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எட்டரை வந்தது. யாரும் வரவில்லை. சட்டைப்பையை விரலால் விலக்கி எட்டிப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஒரு நர்ஸ் வெளியே வந்தார். எழுந்து நின்றேன்.

"ஏக்டு பொஷுன்" என்றார். "முன்னால் போனவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது."

உட்கார்ந்தேன். கயல் வந்து காதில், "போனே நோட்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த மணியைப் பெங்காலியில் கேட்டபோது முதல் தடவையாக எனக்கு இதமாக இருந்தது. ஒன்பதுக்கு இன்னும் கால் மணிதான் குறைகிறது. வீட்டில் அத்தனை வாதம் நடந்தது ஓர் அரைமணி நேரத்துக்காக. அந்த அரைமணி எங்களைக் கேட்காமல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து தானாகக் கரைந்துகொண்டிருந்தது.

ஒன்பது அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும் அவளைத் தள்ளுபடுக்கையில் கொண்டுவந்தார்கள். கண்ணை இறுக மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. சிவகாசி ராகு, உள்ளூர் ராகு, மாஷிமாவின் காலபேலா எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள், இனி ஒரு கணக்கிலும் தோஷமில்லை என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. கூடவே நடந்து குனிந்தேன்.

"லட்சுமி, இப்ப..."

"மணி சொல்லாதீக" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

கதவு மூடியது.

அதன் பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்று கயலுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. கடிகாரத்தை வெளியே எடுக்கத் தோன்றவில்லை. கடையில் இருந்தால் எனக்குக் கடிகாரம் தேவைப்படாது. முதல் ஈடு இட்லி, கப்பல் பட்டறைச் சங்கு, ஆபீஸ்காரர்கள் கூட்டம், வடைக்கு எண்ணெய் காய்வது என்று நேரம் தானாக நகரும். அன்று கடை பூட்டியிருந்தது. கைக்குட்டை முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு, மண் கோப்பையில் டீ குடித்தேன். திரும்ப ஒன்று குடித்தேன். காலியான கோப்பையை இங்கே தரையில் போட்டு உடைப்பார்கள். எனக்கு அன்று உடைக்க மனம் வரவில்லை. இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் வைத்தேன்.

டாக்டர் வந்து, "நன்றாக முடிந்தது. நல்ல வேளை இப்போதே வந்தீர்கள்" என்றார். ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தார். உள்ளே கற்கள். கயல் அதை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். கிலுகிலுப்பை போலச் சத்தம் வந்தது. சிரித்துக்கொண்டே ஆட்டியவள் திடீரென்று என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "ஓ பாபா" என்றாள். அது தமிழா, பெங்காலியா என்று நான் பார்க்கவில்லை.

7

இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்ததும் முத்துலட்சுமி செய்த முதல் காரியம், கிழிக்காமல் கிடந்த தாள்களைக் காலண்டரிலிருந்து கிழித்தது. திங்கட்கிழமைத் தாளை மட்டும் தனியாக மடித்து, கல் குப்பிக்கு அடியில் வைத்தாள். அடுத்த காரியம், சிவகாசியில் இருக்கும் தங்கைக்கு போன்.

"ராகு காலத்துலதாண்டி போனேன். நட்டநடு ராகுல. எட்டரைன்னாக, எட்டரைக்கே போய்ப் படுத்துட்டேன். என்ன செஞ்சிருச்சு? ஒண்ணும் செய்யல. நீ ஒன் மகன் இண்டர்வியூவுக்கு நேரம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. போகச் சொல்லுடி!"

ஒவ்வொரு போனிலும் ராகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானார். மூன்றாவது போனில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றார். எங்கள் கடைக்கு வரும் ரயில்வே ஆபீசர் வீட்டு அம்மாள் பார்க்க வந்தபோது சொன்ன கதையில் ராகு முத்துலட்சுமியைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டார். கயல் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்ப்பாள். நான் சுவரைப் பார்ப்பேன்.

சாயங்காலம் மாஷிமா பப்பாளிக்காய் போட்டு எண்ணெய் இல்லாத குழம்பு வைத்து எடுத்து வந்தார். முத்துலட்சுமி அவரிடமும் ஆரம்பித்தாள், பாதி பெங்காலியிலும் பாதி கையிலுமாக. மாஷிமா ராகு வந்த இடத்திலெல்லாம் தலையாட்டினார். ராகு வாசலில் நின்றதை நம்பினார். ஒதுங்கி வழிவிட்டதையும் நம்பினார். கடைசியில் முத்துலட்சுமி, "எட்டரைன்னா எட்டரைக்கே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாக மாஷிமா" என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இரு, இரு. எட்டரைக்கு என்று சொன்னார்கள்?"

"ஆமா."

"எட்டரைக்கே கூப்பிட்டார்கள்?"

"ஆமாங்கிறேன்."

"இந்தக் கல்கத்தாவில்?" மாஷிமா சிரிக்க ஆரம்பித்தார். "மற்றதெல்லாம் நம்புகிறேன் லொக்கி. இதை மட்டும் நம்ப மாட்டேன். நான் பிறந்து வளர்ந்த ஊர் இது."

முத்துலட்சுமிக்கு முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்கதான வெளிய இருந்தீக. சொல்லுங்க. எட்டரைதான?"

கயல் வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் எதையோ விழுங்கிக்கொண்டு குழம்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"எட்டரைதான் மாஷிமா" என்றேன். "ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே இல்லை."

முத்துலட்சுமி தலையணையில் சாய்ந்துகொண்டாள். மாஷிமா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அலமாரியில் காலண்டர் தாள் மேல் இருந்த கல் குப்பியைப் பார்த்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"அப்படியென்றால் அது நிச்சயம் ராகு வேலைதான்" என்று சொல்லிக்கொண்டே மாடி ஏறினார்.